காற்றில் தூசு எவ்வளவு? நகரத்திலும் கிராமத்திலும் நுண்துகளை அளப்பது எப்படி

“இன்று காற்றில் நுண்துகள் அளவு 35” என்று ஒரு செய்தி வருகிறது. 35 என்றால் எது 35? எந்த இடத்துக் காற்று? ஒரு மணி நேரத்துக் கணக்கா, ஒரு நாள் சராசரியா, ஓராண்டுச் சராசரியா? எடை போட்டுச் சொன்னதா, ஒளியைப் பாய்ச்சிக் கணித்ததா? இவற்றுக்கு விடை தெரியாமல் அந்த எண்ணைக் கண்டு பயப்படுவதிலும் பொருளில்லை, நிம்மதி அடைவதிலும் பொருளில்லை. நகரத்துக் காற்று கெட்டது, கிராமத்துக் காற்று தூயது என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். உலகின் பெரும்பாலான கிராமங்களில் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவிகூட வைக்கப்பட்டதில்லை. அளக்காத இடத்தைச் சுத்தமான இடம் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். காற்றைப் பற்றிய பேச்சில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

எதை அளக்கிறோம்?

கூரை இடுக்கின் வழியே விழும் வெயில் கீற்றில் தூசு மிதப்பதைப் பார்த்திருப்போம். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசு, நாம் இங்கே பேசப்போகும் துகள்களோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. துகள்களின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். விட்டம் 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள் பிஎம் 10 என்றும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை பிஎம் 2.5 என்றும் குறிக்கப்படுகின்றன. பிஎம் என்பது காற்றில் மிதக்கும் துகள்களைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இரண்டும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. பிஎம் 10 கணக்குக்குள் பிஎம் 2.5-உம் அடக்கம். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

இந்த எல்லைகள் நம் உடலை வைத்து வகுக்கப்பட்டவை. பெரிய துகள்களில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுச் சிற்றறைகள் வரை போய்ச் சேரும். அறிவு வளர வளரச் சட்டமும் இந்தச் சிறிய துகள்களை நோக்கி நகர்ந்தது. அமெரிக்கா 1971-ல் காற்றில் மிதக்கும் மொத்தத் தூசுக்கு வரம்பு வைத்தது. 1987-ல் அதை பிஎம் 10 என்று சுருக்கியது. 1997-ல் பிஎம் 2.5-க்குத் தனி வரம்பு கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் கண்டிப்பானது. பிஎம் 2.5 ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமையும், 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. பிஎம் 10-க்கு இதே எண்கள் 15, 45. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தொடக்கத்தில் கேட்ட “எது 35” என்ற கேள்விக்குப் பதில், ஒரு கனமீட்டர் காற்றில் 35 மைக்ரோகிராம் என்பதாக இருக்கலாம். காற்றுத் தரக் குறியீட்டில் 35 புள்ளி என்பதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல; அதற்குப் பிறகு வருவோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நுண்துகள் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. கரி, மண், கடல் உப்பு, உலோகத் துணுக்கு, விறகுப் புகையின் பிசுபிசுப்பான கரிமப் பொருள்கள் எல்லாம் இந்த ஒரே பெயருக்குள் வருகின்றன. சில துகள்கள் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை, காற்றிலேயே பிறக்கின்றன. வண்டிகளும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடும் கந்தக டை ஆக்சைடும், உரமிட்ட வயலிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் எழும் அம்மோனியாவும் சந்திக்கும்போது அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் துகள்கள் உருவாகின்றன. நகரத்து வாயுவும் கிராமத்து வாயுவும் சேர்ந்து பெற்ற துகளை எந்த ஊரின் கணக்கில் எழுதுவது?

எடை போட்டுப் பார்ப்பது

அளவீட்டு முறைகள் பல இருந்தாலும், மற்றவை எல்லாம் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுவது ஒன்றோடுதான்: காற்றை ஒரு வடிதாளின் வழியே இழுத்து, தாளில் படிந்த தூசை எடை போடுவது. கேட்க எளிது. செய்யும்போது அதற்குக் கேட்கும் பொறுமையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

முதலில் வெற்று வடிதாள். பெரும்பாலும் டெஃப்லானால் ஆன, உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தாள். அதைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்; விரல் எண்ணெயின் சுவடு தூசின் எடையையே மிஞ்சிவிடக்கூடும். எடை போடும் அறையின் வெப்பநிலை 20 முதல் 23 டிகிரி செல்சியஸுக்குள், ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள் என்று அமெரிக்க நடைமுறை வகுத்திருக்கிறது. தாள் அந்த அறையிலேயே ஒரு நாள் முழுதும் கிடக்க வேண்டும். தூசு ஈரத்தை உறிஞ்சும், ஈரத்துக்கும் எடை உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. தாளில் நிலைமின்னூட்டம் இருந்தால் தராசின் தட்டு இழுபடும். அதையும் நீக்கிய பிறகே மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் எடை எடுக்கிறார்கள்.

பிறகு அந்தத் தாளை மாதிரி எடுக்கும் கருவிக்குள் பொருத்துகிறார்கள். பம்ப் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கிறது. மணிக்கு ஒரு கனமீட்டர். தாளை அடையும் முன்பு காற்று ஒரு கூர்மையான திருப்பத்தைக் கடக்க வேண்டும். கனமான துகள்களால் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாது. நேரே போய் எதிரே உள்ள தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். சிறியவை காற்றோடு வளைந்து தாளுக்குப் போய்விடும். பிஎம் 2.5 என்ற பிரிப்பு நடப்பது இந்தத் திருப்பத்தில்தான். சரியாக 2.5 மைக்ரான் உள்ள துகள்களில் பாதி தட்டில் சிக்கும், பாதி தப்பிச் செல்லும். கத்தி வைத்து வெட்டிய எல்லை அல்ல அது.

24 மணி நேரம் கழித்துத் தாள் மீண்டும் அதே அறைக்கு வருகிறது, மீண்டும் ஒரு நாள் காத்திருக்கிறது, மீண்டும் தராசில் ஏறுகிறது. முதல் எடை 140.250 மில்லிகிராம், இரண்டாவது எடை 141.090 மில்லிகிராம் என்று கொள்வோம். வித்தியாசம் 0.840 மில்லிகிராம், அதாவது 840 மைக்ரோகிராம். ஓடிய காற்று 24 கனமீட்டர். 840-ஐ 24-ஆல் வகுத்தால் 35. ஒரு கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கில் பம்ப் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். ஓட்டம் பத்து சதவீதம் குறைந்து, அதைக் கவனிக்காமல் 24 கனமீட்டர் என்றே வகுத்துவிட்டால் காற்று உண்மையைவிடச் சுத்தமாகத் தெரியும். பிழை அதோடு நிற்பதில்லை. காற்று மெதுவாகப் போனால் பெரிய துகள்களும் திருப்பத்தைச் சமாளித்துத் தாளுக்குப் போய்விடும். அப்போது தாளில் இருப்பது வெறும் பிஎம் 2.5 அல்ல. மின்சாரம் நிலையில்லாத இடத்தில் அளப்பவர்கள் தராசைவிடப் பம்பைப் பற்றி அதிகம் கவலைப்படுவது இதனால்தான்.

இம்முறையின் குறை, விடை வரப் பல நாள்கள் ஆகும் என்பது. காலை பத்து மணிக்குப் புகை எழுந்ததா, இரவு பத்து மணிக்கா என்று தாள் சொல்லாது. அம்மோனியம் நைட்ரேட் போன்றவை வெப்பத்தில் ஆவியாகித் தாளைவிட்டுப் போய்விடுவதும் உண்டு; அதனால் எடுத்த தாள்களைக் குளிர்ச்சியாகவே ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

மணிக்கு மணி எண் வேண்டுமென்றால் வேறு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, தூசு படிந்த நாடாவின் வழியே கார்பன்-14 உமிழும் பீட்டா கதிரைச் செலுத்தி, கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதிலிருந்து எடையைக் கணிக்கிறது. இன்னொன்றில் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு சிறு குழாயின் முனையில் தூசு சேர்கிறது. பாரம் கூடக் கூட அதிர்வெண் குறைகிறது. அரசுக் கண்காணிப்பு நிலையங்களில் இருப்பவை பெரும்பாலும் இவைதான். விலை அதிகம், பராமரிப்பும் அதிகம்.

ஒளியை நம்பும் சென்சார்

இப்போது வீட்டுச் சுவரிலும் பள்ளிக்கூடத்திலும் தொங்கும் சிறிய சென்சார்கள் எதையும் எடை போடுவதில்லை. உள்ளே ஒரு லேசர் ஒளிக்கற்றை, ஒரு சிறு மின்விசிறி, ஒளியை உணரும் ஒரு சில்லு. துகள் ஒளிக்குக் குறுக்கே போகும்போது ஒளி சிதறுகிறது. சிதறிய ஒளியிலிருந்து துகளின் பருமனையும், அதிலிருந்து எடையையும் சென்சார் கணிக்கிறது. துகளின் வடிவம், நிறம், அடர்த்தி இன்னின்னவை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட அனுமானத்தின்மேல் நிற்கும் கணிப்பு இது. கறுப்புக் கரியும் வெள்ளை உப்பும் ஒளியை ஒரே மாதிரி சிதறடிப்பதில்லை.

இதன் விளைவுகளை நடைமுறையில் காணலாம். ஈரப்பதம் மிகும் நாளில் துகள்கள் நீரை ஏற்று ஊதிப் பெருக்கின்றன. தூசு கூடாமலேயே சென்சாரின் எண் எகிறும். மூடுபனியின் நீர்த்துளியையே தூசு என்று எண்ணிவிடும். ஏறத்தாழ 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை அதன் கண்ணில் படுவதே அரிது. டீசல் வண்டியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கரித்துகள்களில் பெரும்பாலானவை அந்த அளவுதான். மறுமுனையில், பருத்த மண்தூசை அதன் சிறு விசிறியால் ஒழுங்காக உள்ளே இழுக்க முடியாது. ஆகவே இத்தகைய சென்சார் காட்டும் பிஎம் 10 எண்ணை நான் நம்புவதில்லை. பிஎம் 2.5 எண்ணைத் திருத்திப் பயன்படுத்தலாம்.

திருத்துவது எப்படி? நம்பகமான நிலையம் ஒன்றின் அருகிலேயே சென்சாரைச் சில வாரங்கள் வைத்து, இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ற திருத்தச் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலையம் இருப்பது பெரும்பாலும் நகரத்தில். வண்டிப் புகைக்கு ஏற்றபடி திருத்திய சென்சாரை விறகுப் புகையும் வயல் தூசும் நிறைந்த ஊருக்குக் கொண்டுபோனால் அந்தத் திருத்தமே பிழையாகிவிடும். துகள் வேறு, அது ஒளியைச் சிதறடிக்கும் விதமும் வேறு.

நகரத்தில் அளப்பது

நகரத்தில் சிக்கல், அளவு ஒவ்வொரு தெருவுக்கும் மாறுவது. நெரிசலான சாலையின் ஓரத்தில் கரித்துகளும் மிக நுண்ணிய துகள்களும் உச்சத்தில் இருக்கும். சில நூறு மீட்டர் உள்ளே போவதற்குள் சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிடும். பிஎம் 2.5-இன் மொத்த எடை அவ்வளவு வேகமாக இறங்காது, ஏனென்றால் அதில் பெரும்பங்கு அந்தச் சாலையில் பிறந்ததே அல்ல. காலையிலும் மாலையிலும் வண்டிகள் பெருகும் நேரத்தில் அளவு ஏறும். புகைக்குழாயைத் தவிர பிரேக் தேய்மானம், டயர் தேய்மானம், சக்கரம் கிளப்பும் சாலைத் தூசு, கட்டட வேலை எல்லாம் சேர்கின்றன. மின்சார வண்டி வந்தாலும் டயர் தேயத்தான் செய்யும்.

கருவியை எங்கே வைப்பது என்பதற்கு அதனால் விதிகள் உண்டு. ஐரோப்பாவின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி காற்றை உறிஞ்சும் வாய் பொதுவாகத் தரையிலிருந்து 1.5 முதல் 4 மீட்டர் உயரத்தில், மனிதர் மூச்சுவிடும் மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அமெரிக்க விதி 2 முதல் 15 மீட்டர் வரை அனுமதிக்கிறது. பெரிய சந்திப்பின் முனையிலேயே வைத்தால் அந்தச் சந்திப்பை மட்டும் அளந்ததாகும்; பூங்காவின் நடுவில் வைத்தால் நகரத்தையே நல்லதாகக் காட்டியதாகும். ஒரு நிலையத்தின் எண்ணைக் கேட்கும்போது அது சாலையோர நிலையமா, குடியிருப்புப் பகுதியின் பொது நிலையமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் கிராமத்து அளவீடு நகரத்துக்கே தேவைப்படுகிறது. நகரத்துக்கு வெளியே, எந்த ஆலையும் நெடுஞ்சாலையும் அருகில் இல்லாத இடத்தில் 20 மைக்ரோகிராம், நகரத்துக் குடியிருப்பில் 30, சாலையோரத்தில் 38 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாலையோரத்து 38-ல் 20 வெளியிலிருந்தே வந்தது. 10 நகரம் சேர்த்தது. 8 மட்டுமே அந்தச் சாலை சேர்த்தது. பெர்லின் நகரத்து பிஎம் 10 அளவுகளை 2001-ல் இப்படிப் படிப்படியாகக் கழித்துப் பார்த்த ஆய்வுக்குப் பிறகு இந்த வழி பலருக்கும் பழகிவிட்டது. எளிய கழித்தல்தான், காற்று எல்லாத் திசையிலும் கலப்பதால் தோராயமானதும்கூட. ஆனால் வெளியே ஒரு கருவி இல்லாத நகரத்தால் இந்தத் தோராயக் கணக்கையும் போட முடியாது. தன் சாலைகளைத் திருத்தினால் எவ்வளவு குறையும் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கிராமத்தில் அளப்பது

கிராமத்தில் கடிகாரமே வேறு. அடுப்பு எரியும் நேரங்களில் உச்சம், நடுவில் தணிவு. அறுவடை முடிந்து வயலில் மிஞ்சிய பயிர்த்தாளை எரிக்கும் வாரங்களில் ஒரே தாவல், பிறகு மாதக்கணக்கில் அமைதி. உழவு நாளில் மண்தூசு. மண் சாலையில் ஒரே ஒரு வண்டி போனாலும் அருகில் உள்ள கருவியின் பிஎம் 10 துள்ளிக் குதிக்கும். ஏதாவது ஒரு வாரம் போய் அளந்துவிட்டு ஆண்டு முழுவதையும் பற்றிப் பேசுவது இங்கே நகரத்தைவிட ஆபத்தானது.

இரவின் பங்கும் பெரிது. தெளிந்த, காற்றில்லாத குளிர் இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல அமர்ந்துகொள்கிறது. கீழே எழும் புகை மேலே ஏற வழியின்றி வீடுகளின் மட்டத்திலேயே தேங்கும். புகையின் அளவு மாறாமலேயே காற்றில் அதன் செறிவு பலமடங்காகும். லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையை இப்படித்தான் வானிலை அடைத்துவைத்தது. அந்நாளைய கணக்கிலேயே சுமார் 4,000 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூரில் சில அடுப்புகளும் ஒரு வயல் தீயும் இருந்தாலே இரவுக் காற்று கனத்துவிடும்.

புகையா மண்ணா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. பிஎம் 2.5-ஐ பிஎம் 10-ஆல் வகுத்துப் பாருங்கள். 30-ஐ 120-ஆல் வகுத்தால் 0.25 வருகிறது, பெரும்பாலும் பருத்த மண்தூசு. 88-ஐ 110-ஆல் வகுத்தால் 0.8; ஏதோ எரிந்திருக்கிறது, அல்லது வாயுக்களிலிருந்து துகள் பிறந்திருக்கிறது. இன்னும் உறுதியாக அறிய வேண்டுமானால் வடிதாளை வேதியியல் ஆய்வுக்கு அனுப்பலாம். மரத்திலும் வைக்கோலிலும் உள்ள செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுக்கோசான் என்ற பொருள் உண்டாகிறது. டீசலை எரித்தால் அது வராது. வடிதாளில் அது இருந்தால் விறகோ வைக்கோலோ அதுபோன்ற தாவரப் பொருளோ எரிந்திருக்கிறது என்பது ஏறத்தாழ உறுதி. சிலிக்கானும் அலுமினியமும் மிகுந்திருந்தால் மண்.

கிராமத்தில் கருவி சந்திக்கும் துன்பங்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் தோன்றாதவை. மின்சாரம் போகும். சென்சாரின் இருண்ட சிறு அறை சிலந்திக்கு ஏற்ற குடியிருப்பு. வலை ஒன்று லேசரின் குறுக்கே விழுந்தால் எண் இறங்காது, அதைக் கண்டுபிடித்துத் துடைக்க யாராவது வர வேண்டும். சூரியத் தகட்டில் ஓடும் கருவி, உள்ளே நினைவகம், மாதத்துக்கு ஒருமுறை துடைத்துச் சரிபார்க்க ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் என்று ஏற்பாடு செய்தால் நன்றாகவே நடக்கும். கருவியை வாங்கி மாட்டுவதோடு திட்டம் முடிந்துவிட்டதாக நினைக்கும் இடங்களில்தான் ஓராண்டுக்குள் எல்லாம் பழுதாகிக் கிடக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் சமையலறை. உலகில் சுமார் 210 கோடிப் பேர் விறகு, சாணம், நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரித்துத் திறந்த அடுப்பிலோ சரியாக எரியாத அடுப்பிலோ சமைக்கிறார்கள். ஊரின் பொதுவெளியில் கம்பத்தின்மேல் நிற்கும் கருவி அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அடுப்பெரியும் இரண்டு மணி நேரம் 300, மீதி 22 மணி நேரம் 20 என்று ஒருவர் சுவாசிப்பதாகக் கொள்ளுங்கள். 24 மணி நேரச் சராசரி 43 வரும். கம்பத்துக் கருவி 20 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும் அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. இதற்காகத்தான் மூக்கருகே, உடையில் மாட்டிக்கொள்ளும் சிறிய அளவிகளைக் கொடுத்து ஒரு நாள் முழுதும் அணியச் சொல்கிறார்கள். சிரமமான வேலை, ஆனால் மனிதர் சுவாசிப்பதை நேரடியாக அளப்பது அது ஒன்றுதான்.

வானத்திலிருந்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 1999-ல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் போன்ற கருவிகள் காற்றில் மிதக்கும் துகள்கள் சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்று அளக்கின்றன. ஊர் பேர் தெரியாத குக்கிராமத்துக்கும் அதிலிருந்து ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. அது பெரிய கொடை. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தத் தூணை. மூக்கு மட்டத்துக் காற்றை மட்டும் அல்ல. மேகம் மூடினால் எதுவும் தெரியாது. தூணின் அளவைத் தரையின் அளவாக மாற்றத் தரையில் கருவிகளின் துணை வேண்டும். அந்தக் கருவிகள் நகரங்களில் மட்டும் இருந்தால், கிராமத்தின் மதிப்பீடும் நகரத்துத் துகளின் இயல்பை வைத்தே எழுதப்படுகிறது.

எண்ணைப் படிக்கும்போது

காற்றுத் தரக் குறியீட்டுக்கு இப்போது வருவோம். அது எடையல்ல, பல மாசுகளை ஒரே அளவுகோலில் கொண்டுவரும் மதிப்பெண். அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறும். பிஎம் 2.5-ஐப் பொறுத்தவரை அமெரிக்கக் குறியீட்டில் 100 என்பது கனமீட்டருக்கு சுமார் 35 மைக்ரோகிராம். இந்தியக் குறியீட்டில் அதே 100 என்பது 60 மைக்ரோகிராம். ஒரே காற்றுக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண்களைக் காட்டினால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று பொருளில்லை. மைக்ரோகிராம் எண்ணைத் தேடிப் பாருங்கள். அதோடு சராசரி எடுத்த நேரத்தையும் பாருங்கள். ஆண்டுச் சராசரிக்கான 5-ஐ ஒரு மணி நேர எண்ணோடு ஒப்பிடுவது தவறு.

சொந்தமாகச் சென்சார் வைப்பவர்கள் அதை அடுப்பு, ஊதுவத்தி, ஏசியின் வெளிப்பகுதி, குப்பை எரியும் மூலை ஆகியவற்றிலிருந்து தள்ளி, மழை படாத, ஆனால் காற்றோட்டம் தடைபடாத இடத்தில், தலை உயரத்தில் மாட்டுங்கள். முடிந்தால் இரண்டு சென்சார்களை அருகருகே வையுங்கள். இரண்டும் பிரியத் தொடங்கினால் ஒன்று கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். ஈரப்பதத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். நம்பகமான நிலையத்தோடு ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தால் கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒரு பருவத்தின் திருத்தம் மறு பருவத்துக்குப் பொருந்தாது. வீடு கிராமத்தில் இருந்தால், அந்தப் பதிவைத் தேதியோடும் நேரத்தோடும், அன்று வயலில் ஏதாவது எரிந்ததா என்ற குறிப்போடும் எழுதிவையுங்கள். அந்த ஊரின் காற்றைப் பற்றி இருக்கும் ஒரே பதிவு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.